நாடு மாறி மூன்று வருடம்: விபிஎன்னை விட பழைய சிம்தான் படுத்தியது

வேறு நாட்டுக்குக் கிளம்பும்போது பிரைவசி என்று நினைத்து நான் காசு போட்டது விபிஎன்னில் (நம் இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாக மறைத்து அனுப்பும் சேவை) மட்டும்தான், அதுவும் மொத்தமாக இரண்டு வருடச் சந்தா. அது உருப்படியாக உதவியது முதல் மாதம், தங்கியிருந்த விடுதியின் வைஃபையில். எந்தெந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது விடுதிக்காரருக்குத் தெரியாது, சரி. விபிஎன் கம்பெனிக்குத் தெரியுமே. போதாக்குறைக்கு அதை ஆன் செய்தால் வங்கி ஆப் திறக்கவே மறுத்தது. சந்தா முடிந்ததும் விட்டுவிட்டேன்.

உண்மையான தலைவலி பழைய போன் நம்பர். ரீசார்ஜ் செய்ய மறந்து அது கைவிட்டுப் போயிருந்தது. சில மாதம் கழித்து அக்கா கூப்பிட்டு, "என்னடா, உன் டிபியில யாரோ ஒரு குழந்தை சிரிக்குது?" என்றாள். நம்பர் வேறொருவருக்குப் போய், அவர் அதில் வாட்ஸ்அப்பும் தொடங்கிவிட்டார். எனக்கும் முதலில் சிரிப்புதான். அப்புறம்தான் உறைத்தது, என் மெயிலுக்கு ரெகவரி நம்பர், அதாவது பாஸ்வேர்ட் மறந்தால் கணக்கை மீட்கும் நம்பர், அதேதான். அந்த மனிதர் நல்லவராக இருந்ததால் தப்பித்தேன், பாவம், என் ஓடிபி எத்தனை அவருக்குப் போனதோ.

அன்றிரவே இன்பாக்ஸில் 'வெரிஃபிகேஷன்' என்று தேடி, நான் மறந்தே போயிருந்த கணக்குகளையெல்லாம் தோண்டியெடுத்து, ஒவ்வொன்றிலும் அந்த நம்பரை எடுத்தேன். முடிந்த இடத்தில் எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் ஆதென்டிகேட்டர் ஆப். நான் வைத்திருப்பது ஏஜிஸ். சிம் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம், போனின் கடிகாரத்தைக் கொண்டே 30 வினாடிக்கு ஒரு 6 இலக்க லாகின் எண் வரும். ஆனால் ஒருமுறை பயணத்தில் நேர மண்டலத்தை மாற்றாமல் போனின் நேரத்தை மட்டும் கையால் தள்ளி வைத்துவிட்டு, போடும் எண்ணெல்லாம் தப்பு தப்பு என்று வர, அரை மணி நேரம் முழித்தேன். நேரத்தை ஆட்டோமேட்டிக்கில் விட்டதும் சரியாகிவிட்டது. போன் தொலைந்தால் கணக்குக்குள் நுழைய உதவும் பேக்கப் எண்களைக் காகிதத்தில் எழுதி, போனோடு இல்லாமல் வேறு பையில் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, பாஸ்போர்ட் ஸ்கேன். வாடகைக்கு வீடு தேடும்போது கேட்டவர்களுக்கெல்லாம் அப்படியே அனுப்பினேன். இப்போது 'வாடகை விண்ணப்பத்துக்கு மட்டும்' என்று தேதியோடு குறுக்கே எழுதித்தான் அனுப்புகிறேன். முன்பு போனவை எந்தெந்த இன்பாக்ஸில் கிடக்கின்றனவோ.