என்எஃப்சி நார்த்தா, ஈஸ்ட்டா? வரப்புத் தகராறு உள்ள பக்கம்தான் என் ஓட்டு

அமெரிக்கக் கால்பந்தில் ஒரே ஓர் அணியை மட்டும் பின்தொடர்ந்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். மீதி டிவிஷனில் இருக்கிறது. என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கில் 32 அணிகள். லீக்கின் இரண்டு பாதிகளுக்கு என்எஃப்சி, ஏஎஃப்சி என்று பெயர். இரண்டிலும் சேர்த்து எட்டு டிவிஷன்கள், ஒவ்வொன்றிலும் நான்கு அணிகள். ஒரே டிவிஷனில் இருப்பவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை மோதியே ஆக வேண்டும், ஒன்று அவர்கள் ஊரில், ஒன்று இவர்கள் ஊரில். 17 ஆட்டத்தில் 6 இப்படிப் போய்விடும். பழிவாங்கல், பழைய கணக்கு, பாட்டன் காலத்துச் சண்டை எல்லாம் பெரும்பாலும் இந்த ஆறில்தான் சேர்ந்து கிடக்கின்றன.

அதனால் ஒரு டிவிஷனைத் தேர்ந்தெடுத்து அதன் வரலாற்றை ஆதியிலிருந்து படிப்பது என்று முடிவு செய்தேன். இறுதிச் சுற்றுக்கு வந்தவை மூன்று: என்எஃப்சி ஈஸ்ட், என்எஃப்சி நார்த், ஏஎஃப்சி நார்த். நான் போய் நின்றது என்எஃப்சி நார்த்தில். கிரீன் பே பேக்கர்ஸ், சிகாகோ பேர்ஸ், டெட்ராய்ட் லயன்ஸ், மினசோட்டா வைக்கிங்ஸ். ஏன் என்று சொல்கிறேன். ஒருதலைப்பட்சமாகத்தான் இருக்கும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோப்பைக் கணக்கு பார்த்தால் பேச்சே இல்லை, ஈஸ்ட்தான். டாலஸ் கவ்பாய்ஸ் 5, நியூயார்க் ஜயன்ட்ஸ் 4, வாஷிங்டன் 3, பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 2, மொத்தம் 14 சூப்பர் பவுல், அதாவது லீக்கின் இறுதி ஆட்டம். நான்கு அணிகளுமே சூப்பர் பவுல் வென்ற ஒரே டிவிஷன் அது. நார்த்தில் பேக்கர்ஸ் 4, பேர்ஸ் 1, அவ்வளவுதான். வைக்கிங்ஸ் நான்கு முறை இறுதி ஆட்டத்துக்குப் போய் நான்கிலும் தோற்றது. லயன்ஸ் அந்த மேடையை மிதித்ததே இல்லை. 2008-இல் 16 ஆட்டத்தில் 16-ஐயும் தோற்றது. பணம், பெரிய நகரங்கள், தொலைக்காட்சி வெளிச்சம் எல்லாமே ஈஸ்ட் பக்கம்தான். வெற்றிக் கதைதான் வேண்டும் என்பவர்கள் யோசிக்காமல் ஈஸ்டுக்குப் போகலாம்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு விஷயம்: அக்கம்பக்கம். இரண்டு ஊர்க்காரர்கள் நூறு ஆண்டு சண்டை போட வேண்டும் என்றால் அவர்களுடைய நிலம் ஒட்டி இருக்க வேண்டும். வரப்பு ஒன்றாக இருந்தால்தான் வரப்புத் தகராறு வரும். அதோடு, இருவரில் ஒருவரும் நிலத்தை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போய்விடக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனைகளையும் வைத்து மூன்று டிவிஷன்களையும் அளந்து பார்த்தேன்.

முதல் நிபந்தனையிலேயே ஈஸ்ட் சறுக்குகிறது. நியூயார்க், பிலடெல்ஃபியா, வாஷிங்டன் சரி, ஒரே நெடுஞ்சாலையில் வரிசையாக இருக்கும் ஊர்கள். நான்காவதாக உட்கார்ந்திருப்பது டெக்சஸில் இருக்கும் டாலஸ். பிலடெல்ஃபியாவிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல்.

டாலஸ் அங்கே வந்த கதை சுவையானது, அதை மறுக்க மாட்டேன். 1950-களின் கடைசியில் கிளின்ட் மர்ச்சிசன் என்ற டெக்சஸ் பணக்காரர் டாலஸுக்கு ஓர் அணி கேட்டார். வாஷிங்டன் அணியின் உரிமையாளர் ஜார்ஜ் பிரெஸ்டன் மார்ஷல் எதிர்த்து நின்றார். தென் மாநிலங்கள் முழுவதும் தன் அணியின் சந்தை என்பது அவர் எண்ணம். மர்ச்சிசன் தரப்பு என்ன செய்தது? மார்ஷலோடு மனஸ்தாபத்தில் இருந்த இசையமைப்பாளரைப் பிடித்து, வாஷிங்டன் அணியின் வெற்றிப் பாட்டு உரிமையையே விலைக்கு வாங்கிவிட்டது. மார்ஷல் உயிராக நினைத்த பாட்டு அது. பாட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள், அவர் ஓட்டுப் போட்டார். 1960-இல் கவ்பாய்ஸ் பிறந்தது. இதே மார்ஷல்தான் லீக்கிலேயே கடைசி ஆளாக, 1962 வரை, கறுப்பின வீரர்களைச் சேர்க்காமல் அடம்பிடித்தவர். அரங்கம் இருந்தது மத்திய அரசின் நிலத்தில். உள்துறைச் செயலர் ஸ்டூவர்ட் உடால் அதைச் சொல்லி நெருக்கிய பிறகுதான் பாபி மிட்செல் போன்றவர்கள் உள்ளே வந்தார்கள். ஈஸ்டின் வரலாற்றில் இந்தக் கறையையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

பிறகு 1970. என்எஃப்எல்லும் அதன் போட்டி லீக்கான ஏஎஃப்எல்லும் இணைந்தபோது, என்எஃப்சியை எப்படிப் பிரிப்பது என்பதில் உரிமையாளர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. ஐந்து திட்டங்களைச் சீட்டில் எழுதிப் போட்டு, கமிஷனர் பீட் ரோசெல்லின் செயலாளர் தெல்மா எல்க்யரை ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். நம் குடவோலை முறை மாதிரியேதான். அந்தச் சீட்டில் டாலஸ் கிழக்கில் இருந்தது, செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸும் கிழக்கில் இருந்தது. கார்டினல்ஸ் 1988-இல் அரிசோனா பாலைவனத்துக்குக் குடிபெயர்ந்தது. அதன் பிறகும் 2001 வரை அது ‘கிழக்கு’ டிவிஷனில்தான் ஆடியது. டாலஸ் மேல் பிலடெல்ஃபியாக்காரர்களுக்கு இருக்கும் வெறுப்பு உண்மையானதுதான். ஆனால் அது தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த வெறுப்பு. அலுவலகத்தில் பக்கத்து நாற்காலியில் உட்காரும் ஆளோடு திங்கட்கிழமை காலையில் வருகிற சண்டை அது இல்லை.

அக்கம்பக்கம் என்று பார்த்தால் ஏஎஃப்சி நார்த்தை அடிக்க ஆளில்லை. கிளீவ்லாந்துக்கும் பிட்ஸ்பர்குக்கும் நடுவில் காரில் இரண்டு மணி நேரம். சின்சினாட்டி அணி தொடங்கியதே பங்காளிப் பகையில்தான்: தன் பெயரையே தாங்கிய கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியிலிருந்து 1963-இல் பயிற்சியாளர் பால் பிரவுனை உரிமையாளர் ஆர்ட் மோடெல் வெளியே தள்ளினார், அவர் 1968-இல் அதே ஒஹையோ மாநிலத்தில் பெங்கால்ஸைத் தொடங்கி, மோடெலுக்கு எதிரே வந்து நின்றார். இந்த டிவிஷனை நான் இரண்டு சீசன்தான் ஊன்றிப் பார்த்திருக்கிறேன், அதனால் என் தீர்ப்பை அந்த அளவுக்கு எடைபோட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டாவது நிபந்தனையில் அது உடைகிறது. 1995 நவம்பரில், சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே, பிரவுன்ஸ் அணியை பால்டிமோருக்குக் கொண்டுபோகப் போவதாக மோடெல் அறிவித்தார்.

கிளீவ்லாந்தில் கடைசி ஆட்டம் டிசம்பர் 17, பெங்கால்ஸுக்கு எதிராக. ரசிகர்கள் மரப் பலகை இருக்கைகளைப் பெயர்த்து மைதானத்துக்குள் எறிந்தார்கள். பிரவுன்ஸ் வென்றது, 26-10. ஆட்டம் முடிந்ததும் எர்னஸ்ட் பைனர் போன்ற வீரர்கள் ஓடிப்போய், வேலியோரம் நின்ற ரசிகர்களின் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். பெயரும் நிறமும் பழைய சாதனைப் பட்டியலும் ஊருக்கே என்று பின்னால் தீர்ப்பானது. 1999-இல் புது பிரவுன்ஸ் வந்தது. ஆனால் ஊரைவிட்டுப் போன அணி ரேவன்ஸ் என்ற பெயரில் 2000 சீசனிலேயே சூப்பர் பவுல் வென்றது, இன்று அதே டிவிஷனில் ஆண்டுக்கு இரண்டு முறை கிளீவ்லாந்தோடு ஆடுகிறது. இதைப் படித்துவிட்டு என்னால் அந்த டிவிஷனை ஆசையோடு தொடர முடியவில்லை.

இப்போது என்எஃப்சி நார்த்துக்கு வருவோம். 1967-இல் லீக்கை நான்காகப் பிரித்தபோது ‘சென்ட்ரல்’ என்ற பெயரில் சேர்ந்த அதே நான்கு அணிகள்தான் இன்றும். நடுவில் 1977 முதல் 2001 வரை ஃபுளோரிடாவின் டாம்பா பே வந்து உட்கார்ந்துவிட்டுப் போனது. 2002-இல் பெயர் நார்த் என்று மாறியது. கிரீன் பேயிலிருந்து சிகாகோ காரில் மூன்றரை மணி நேரம். விஸ்கான்சின், இலினாய் எல்லையில் ஒரே வீட்டில் இரண்டு ஜெர்சி தொங்கும்.

பேக்கர்ஸும் பேர்ஸும் முதலில் மோதியது 1921-இல். அப்போது சிகாகோ அணிக்கு ஸ்டேலீஸ் என்று பெயர். 20-0 என்று சிகாகோ வென்றது. இருநூறு ஆட்டங்களைத் தாண்டியும் கணக்கு ஓடுகிறது. எத்தனையோ தலைமுறையாக சிகாகோதான் முன்னணியில் இருந்தது, 2017-இல்தான் கிரீன் பே அதைத் தாண்டியது. லயன்ஸ் 1934-இல் ஒஹையோவின் போர்ட்ஸ்மத் என்ற சிறு ஊரிலிருந்து டெட்ராய்ட்டுக்கு வந்தது, ஆமாம், அதுவும் குடிபெயர்ந்த அணிதான். வந்த ஆண்டே, கூட்டம் சேர்க்க, வானொலி நிலைய முதலாளியான அதன் உரிமையாளர் நன்றியறிதல் நாளில் பேர்ஸை அழைத்து ஆடவைத்தார். உலகப்போர்க் கால இடைவெளி தவிர இன்றுவரை அந்த நாளில் டெட்ராய்ட்டில் ஆட்டம் உண்டு. வைக்கிங்ஸ் 1961-இல் பிறந்து, தன் முதல் ஆட்டத்திலேயே பேர்ஸை 37-13 என்று அடித்தது. அன்று பந்து வீசியவர் ஃப்ரான் டார்கன்டன் என்ற புதுப் பையன்.

அக்கம்பக்கம் என்றால் என்ன என்பதை எனக்குப் புரியவைத்தது பிரெட் ஃபார்வ் விஷயம்தான். 16 ஆண்டு கிரீன் பேயின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர். ஒரு தலைமுறைக் குழந்தைகள் 4-ஆம் எண் சட்டையோடு வளர்ந்தார்கள். 2008-இல் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போனார், ஊர் பொறுத்துக்கொண்டது. 2009-இல் மினசோட்டாவுக்குப் போனார், அதை ஊரால் தாங்க முடியவில்லை. அந்த நவம்பர் 1 அன்று வைக்கிங்ஸின் ஊதா உடையில், கிரீன் பேயின் அரங்கமான லாம்போ ஃபீல்டுக்குள் அவர் நடந்து வந்தபோது எழுந்த கூச்சலைப் பதிவில் கேட்டுப் பாருங்கள். வைக்கிங்ஸ் 38-26 என்று வென்று அந்தப் புண்ணில் உப்பையும் தடவிவிட்டது. 2015-இல் அதே அரங்கில் அவருடைய எண்ணுக்கு ஓய்வு கொடுத்தபோது அதே மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். தூர ஊருக்குப் போனவன் மேல் இவ்வளவு கோபமும் வராது, இவ்வளவு சமாதானமும் வராது.

சரி, இவர்கள் மட்டும் ஏன் ஊரைவிட்டுப் போகவில்லை? மையத்தில் இருக்கும் கிரீன் பேயை நகர்த்தவே முடியாது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். 1919-இல் கர்லி லாம்போ, தான் வேலை பார்த்த இறைச்சி பதப்படுத்தும் கம்பெனியிடம் சீருடைக்காக 500 டாலர் வாங்கித் தொடங்கிய அணி. 1923-இல் கடனில் மூழ்கியபோது ஊர்க்காரர்களிடம் 5 டாலருக்குப் பங்கு விற்றார்கள். 1935, 1950, 1997, 2011, 2021 என்று மறுபடி மறுபடி விற்றார்கள். இன்று ஐந்து லட்சத்துக்கும் மேல் பங்குதாரர்கள். ஈவுத்தொகை கிடையாது, லாபத்துக்கு விற்கவும் வழியில்லை. அணியையே விற்றாலும் பங்குதாரர் கைக்குக் காசு வராது: பணம் போர்வீரர் நினைவிடத்துக்கு என்று முதலில் எழுதி வைத்தார்கள், 1997-இல் அதை அணியின் அறக்கட்டளைக்கு என்று மாற்றினார்கள். விற்பதால் யாருக்கும் பயனில்லை என்னும்போது விற்க நினைப்பதற்கே ஆளில்லை. ஆர்ட் மோடெல் போல ஒருவர் அங்கே உருவாகவே முடியாது. லீக் விதிகள் இப்போது இப்படிப்பட்ட உரிமையைப் புதிதாக யாருக்கும் அனுமதிப்பதில்லை, ஆக இது ஒன்றே ஒன்றுதான்.

அந்த உரிமை காகிதத்தில் மட்டும் இல்லை. கோடைக்காலப் பயிற்சி முகாமில், உடைமாற்றும் அறையிலிருந்து பயிற்சித் திடலுக்கு வீரர்கள் ஊர்ப் பிள்ளைகளின் சைக்கிளில் போவார்கள். 140 கிலோ ஆள் ஒருவர் எட்டு வயதுப் பெண்ணின் சின்னச் சைக்கிளில் முழங்கால் தாடையில் இடிக்க மிதித்துப் போக, அந்தப் பெண் அவருடைய ஹெல்மெட்டை இரண்டு கையாலும் அணைத்தபடி கூடவே ஓடுவாள். பனி கொட்டினால் அரங்கைச் சுத்தம் செய்ய ஊர்க்காரர்களை அழைப்பார்கள். விடிவதற்கு முன்பே மண்வாரியோடு வரிசை நிற்கும், மணிக்கணக்கில் கூலி உண்டு.

நார்த்தின் குறைகளையும் சொல்ல வேண்டும். பனியும் குளிரும் என்ற பெருமை இப்போது பாதிதான்: டெட்ராய்ட்டும் மினசோட்டாவும் கூரைக்குக் கீழே ஆடுகின்றன. பேர்ஸ் 2023-இல் ஆர்லிங்டன் ஹைட்ஸ் புறநகரில் பெரிய நிலம் வாங்கியது. லயன்ஸ் 1975 முதல் 2001 வரை போன்டியாக் புறநகரில் ஆடிவிட்டு நகரத்துக்குத் திரும்பியது நினைவில் இருப்பதால், புறநகருக்குப் போவதை நான் ஊர்மாற்றம் என்று எண்ணவில்லை. நியூஜெர்சியில் ஆடும் ஜயன்ட்ஸுக்கும் இதே சலுகைதான் கொடுத்தேன். ஆனால் ஏரிக்கரையில் உள்ள சோல்ஜர் ஃபீல்டில் பேர்ஸ் இல்லாத காலம் வந்தால் எனக்கு வலிக்கும்.

எங்கே தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு 1956-ஐச் சொல்வேன். புது அரங்கம் கட்டாவிட்டால் அணி மில்வாக்கிக்குப் போய்விடும் என்ற நிலைமை. 9,60,000 டாலர் கடன் பத்திரத்துக்கு ஊர் ஓட்டுப் போட வேண்டும். அந்த ஏப்ரல் வாக்கெடுப்புக்கு முந்தைய கூட்டத்தில் அரங்கம் வேண்டும் என்று பேச சிகாகோவிலிருந்து வந்தவர் ஜார்ஜ் ஹாலஸ், பேர்ஸை உருவாக்கியவர், கிரீன் பேயின் ஜன்மப் பகையாளி. ஓட்டு பெரும்பான்மையில் ஜெயித்தது. 1957 செப்டம்பர் 29 அன்று அந்த அரங்கத்தை, இன்றைய லாம்போ ஃபீல்டை, திறந்தபோது முதல் விருந்தாளியாக வந்து ஆடியது ஹாலஸின் பேர்ஸ். கிரீன் பே 21, சிகாகோ 17. பத்து ஆண்டு கழித்து, 1967 டிசம்பர் 31 அன்று, மைனஸ் 25 டிகிரிக் குளிரில், நடுவரின் உலோக விசில் உதட்டோடு உறைந்து ஒட்டிக்கொண்ட ஆட்டத்தில், கடைசி நொடிகளில் கிரீன் பேயின் குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார் பந்தோடு கோட்டைத் தாண்டி விழுந்ததும் அங்கேதான். எதிரே நின்றது டாலஸ். அன்றும் ஸ்கோர் 21-17.