கோர்சேர் சிவி550: பிராண்டட் சிஸ்டத்துக்குள்ள நுழைச்ச கதை

முதல்லயே சொல்லிடுறேன், இந்த எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள்ள எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்குற பெட்டி) நல்ல எஸ்எம்பிஎஸ்தான், 5க்கு 4 தாராளமா குடுக்கலாம். ஆனா டப்பாவுல போட்ருக்குற வாட்ஸ மட்டும் பாத்து வாங்கினீங்கன்னா என்ன மாதிரியே சென்னையில கம்ப்யூட்டர் சாமான் விக்கிற ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வெயில்ல ரெண்டு தடவ அலைவீங்க, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

அக்கா பையன் இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம், பிளெண்டர்னு 3டி சாஃப்ட்வேர் கத்துக்கறேன்னு ஒரே பிடிவாதம் (ராத்திரி வேலரன்ட் கேம்தான் ஓடுதுங்கறது அக்காவுக்கு தெரியாது). ஆபீஸ்ல கழிச்ச ரீஃபர்பிஷ்ட் டவர் ஒண்ணு 14,000 ரூபாய்க்கு எடுத்து குடுத்திருந்தோம், ஐ5 8500, 8 ஜிபி ராம், 256 எஸ்எஸ்டி. பெரிய கம்பெனி சிஸ்டம், பேரு வேண்டாம். அதுல செகண்ட்ஸ்ல ஒரு ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு வாங்கி போட்டா முடிஞ்சுதுன்னு நெனச்சோம். உள்ள பாத்தா எஸ்எம்பிஎஸ் 260 வாட்ஸ், கிராபிக்ஸ் கார்டுக்கு குடுக்க 8 பின் வயரே கிடையாது.

கார்ட வித்த கடையில கேட்டா, "எஸ்எம்பிஎஸ் எல்லாம் எதுக்கு சார், இந்த கன்வெர்ட்டர போட்டுக்கோங்க, 150 ரூபாதான், எல்லாரும் இதத்தான் போடுறாங்க"ன்னு ஹார்ட் டிஸ்க்குக்கு போற சாட்டா பவர 8 பின்னா மாத்துற வயர் ஒண்ண கையில குடுத்தாங்க. நானும் வாங்கிட்டு வந்தேன், புத்தி எங்க போச்சுன்னு தெரியல. ஒரு சாட்டா பவர் கனெக்டர்ல 12 வோல்ட்டுக்கு மூணு பின், பின்னுக்கு 1.5 ஆம்பியர், ஆக மொத்தம் 54 வாட்ஸ், அதுக்கு மேல அது தாங்குறதுக்கு செஞ்சதே இல்ல. 8 பின் வழியா கார்டு 150 வாட்ஸ் வரைக்கும் இழுக்கலாம். மூணாவது நாள் பையன் போன் பண்ணி, "மாமா, ஏதோ தீயுற மாதிரி வாசன வருது"ன்னான். கழட்டி பாத்தா அந்த வெள்ள பிளாஸ்டிக் ஒரு ஓரத்துல பழுப்பாகி, ஒரு பின் மட்டும் உள்ள சாஞ்சு நிக்குது. இன்னும் ஒரு வாரம் ஓடியிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிக்கவே இல்ல, வயர நேரா குப்பையில போட்டேன்.

சரி, கணக்கு போடுவோம். ப்ராசசர் 65, கார்டு 125, போர்டு, ஃபேன், டிஸ்க் எல்லாம் சேத்து ஒரு 50, மொத்தம் 240. 260ல அடங்குதேன்னு தோணும், ஆனா கார்டு ஒரு நொடியில ஒரு துணுக்கு நேரத்துக்கு எகிறி இழுக்கும், அப்ப பழைய எஸ்எம்பிஎஸ் கைய விரிச்சிடும். கார்டோட சிப்ப செய்யுற என்விடியாவே இந்த கார்டுக்கு 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்னு சொல்லுது. 550ல 240ன்னா பாதிக்கும் கொஞ்சம் கீழ, 80 பிளஸ் பிரான்ஸ் சர்டிபிகேட்டுக்கு பாதி லோடுல 85 சதவீதம் எஃபிசியன்சி (இழுக்குற கரண்ட்ல வீணாகாம வெளிய வர்ற பங்கு) காட்டணும், அந்த இடத்துலதான் நாமளும் ஓடுவோம், ஃபேனும் சத்தம் போடாது.

சிவி550 எடுத்ததுக்கு இன்னொரு காரணம் நீளம். உயரம் 86 மில்லிமீட்டர், அகலம் 150, இது ஏடிஎக்ஸ்ங்கற பொது அளவுல வர்ற எல்லா எஸ்எம்பிஎஸ்க்கும் ஒண்ணுதான், ஆனா நீளம் 140, 160ன்னு போகும், இது 125தான். பிராண்டட் கேஸ்ல அந்த ஒன்றர சென்டிமீட்டர் எவ்ளோ பெருசுன்னு உள்ள கைய விட்டு பாத்தவங்களுக்கு தெரியும். விலை 3,900 குடுத்தேன், 3 வருஷ வாரண்டி, ஜிஎஸ்டி பில் கண்டிப்பா வாங்கி வெச்சுக்கோங்க. உங்க டவர் ரொம்ப ஒல்லின்னா இது எதுவுமே உதவாது, அதுக்குள்ள டிஎஃப்எக்ஸ்னு பென்சில் டப்பா மாதிரி நீளமா இருக்கும் இல்லன்னா அந்த கம்பெனியே செஞ்ச வடிவமா இருக்கும், முதல்ல ஸ்கேல் எடுத்து அளந்துடுங்க.

இப்ப முக்கியமான எடத்துக்கு வரேன். புது எஸ்எம்பிஎஸ பிரிச்சு, பழசோட நாலு ஸ்க்ரூவ கழட்டி, போர்டுல பாத்தா புதுசோட பெரிய வயர சொருகுற 24 பின் சாக்கெட்டே இல்ல! அந்த எடத்துல குட்டியா ஒரு சாக்கெட், அங்கருந்து டிஸ்க்குக்கு பவர் போக போர்டுலயே தனியா ஒரு வயர். பழச கழட்டியாச்சு, புதுச மாட்ட முடியல, பையன் என் மூஞ்சியவே பாக்குறான்.

அப்புறம் உக்காந்து படிச்சா இது நம்ம ஒரு சிஸ்டத்துல மட்டும் இல்ல. டெல்ல நெறய மாடல்ல 8 பின், லெனோவோல 14 பின் இல்லன்னா 10 பின், எச்பில 6 பின், மாடலுக்கு மாடல் மாறும். எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் 12 வோல்ட்ட மட்டும் குடுத்துடும், 5 வோல்ட், 3.3 வோல்ட்ட போர்டே செஞ்சுக்கும், வயரும் கம்மி, சும்மா இருக்கும்போது கரண்ட்டும் மிச்சம். இன்டெல் கூட ஏடிஎக்ஸ்12விஓன்னு இதே மாதிரி 10 பின் ஸ்டாண்டர்ட் ஒண்ண வெளியிட்டாங்க. அதனால இத வெறும் கம்பெனி தில்லாலங்கடின்னு மட்டும் சொல்லிட முடியாது. பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும், 90கள் கடைசியில வந்த சில டெல் போர்டுல சாக்கெட் பாக்க அச்சு அசலா சாதா ஏடிஎக்ஸ் 20 பின்னாவே இருக்கும், உள்ள வயர் வரிச மட்டும் வேற, கடையில வாங்கினத சொருகினா போர்டு காலி. அதுக்கு இப்ப சொருகவே முடியாம இருக்குறது எவ்வளவோ தேவல.

மறுபடி மெட்ரோ புடிச்சு அரசினர் தோட்டத்துல எறங்கி அதே ரிச்சி ஸ்ட்ரீட். நாலு கடையில "அடாப்டரா, அப்படி ஒண்ணு வராது சார்". கடைசியா நரசிங்கபுரம் தெரு பக்கம் ஒரு மாடிப்படி ஏறி, ரெண்டு பேர் நின்னா மூணாவது ஆள் உள்ள வர முடியாத ஒரு சர்வீஸ் கடை, அங்க ஒரு பெரியவர். நான் மாடல் நம்பர் சொல்ல ஆரம்பிச்சதும், "அதெல்லாம் விடு தம்பி, போர்டு போட்டோ இருக்கா, காட்டு"ன்னாரு. போன்ல போட்டோவ பெருசு பண்ணி சாக்கெட்ல எந்த ஓட்ட சதுரம், எந்த ஓட்டயோட மூல மழுங்கியிருக்குன்னு ஒவ்வொண்ணா எண்ணினாரு, அப்புறம் கீழ ஒரு அட்டப்பெட்டிய கிளறி 24 பின்லருந்து மாத்துற அடாப்டர எடுத்தாரு, 450 ரூபா. "பின் எண்ணிக்க ஒண்ணா இருந்தாலும் கம்பெனி வேறன்னா மாட்டிடாத"ன்னு ரெண்டு தடவ சொன்னாரு. சில போர்டுக்கு ஸ்டாண்ட்பையில (சிஸ்டம் ஆஃப்ல இருக்கும்போது) 5 வோல்ட்டுக்கு பதிலா 12 வேணுமாம், அந்த அடாப்டர்ல வயருக்கு நடுவுல குட்டி போர்டு ஒண்ணு இருக்கும், நம்மளுக்கு அது தேவப்படல. வயர் தடிமனும் பாக்கணும், 18 ஏடபிள்யூஜின்னு அச்சடிச்சிருந்தா நல்லது, இதுல நம்பர் ஏற ஏற வயர் ஒல்லியாகும். இந்த கடைக்கு மட்டும் தனியா 5க்கு 5.

மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் பண்ணேன். 24 பின்ல எஸ்எம்பிஎஸ்ஸ ஆன் பண்ற பிஎஸ் ஆன் பின்னயும் பக்கத்து கிரவுண்ட் பின்னயும் ஒரு ஜெம் கிளிப்பால சேத்தா எஸ்எம்பிஎஸ் தனியாவே ஓடும். பழைய மாடல்னா பச்ச வயர், கருப்பு வயர்னு ஈசியா கண்டுபிடிக்கலாம், இதுல எல்லா வயரும் கருப்பு, 16வது பின்ன எண்ணித்தான் புடிக்கணும், கண்ணாடி போட்டு ரெண்டு தடவ எண்ணினேன். மல்டிமீட்டர்ல 12.1 காட்டுச்சு, 11.4லருந்து 12.6 வரைக்கும் ஓகே.

அப்புறம் எல்லாத்தயும் மாட்டி ஸ்விட்ச் போட்டா ஃபேன் சுத்துது, திரையில ஒண்ணும் வரல. அர மணி நேரம் ராம கழட்டி மாட்டி, கார்ட கழட்டி மாட்டி, அந்த அடாப்டர் பெரியவர மனசுக்குள்ள திட்டியும் தீத்தாச்சு. கடைசியில பாத்தா ப்ராசசர் பக்கத்துல இருக்குற 4 பின் வயர நான் மாட்டவே இல்ல. புதுசுல அது 4+4ன்னு ரெண்டா பிரியும், ஒரு பாதிய மட்டும் சொருகினா போதும், இன்னொரு பாதி சும்மா தொங்கட்டும். கிராபிக்ஸ் கார்டுக்கு போறது 6+2, பாக்க ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், மாத்தி அழுத்தி சொருகிடாதீங்க.

இது மாடுலர் இல்ல, அதாவது தேவப்படாத வயரயும் கழட்ட முடியாது, எல்லாத்தயும் சுருட்டி டிஸ்க் வெக்கிற கூண்டுக்குள்ள திணிச்சேன், சின்ன கேஸ்ல அது கொஞ்சம் அசிங்கமாத்தான் தெரியுது. ஒரு நட்சத்திரம் கொறச்சது அதுக்குத்தான். பழைய எஸ்எம்பிஎஸ்ஸ பிரிச்சு பாக்கலாமான்னு பையன் கேட்டான், வேணவே வேணாம்னேன், பிளக்க புடுங்கின பிறகும் உள்ள இருக்குற பெரிய கெப்பாசிட்டர் ஷாக் அடிக்கும்.

ஆக செலவு 3,900ம் 450ம், கூட அந்த 150 தண்டம். உங்க போர்டுக்கு அடாப்டர் கெடைக்கலன்னா பிடிவாதம் புடிக்காதீங்க, பவர் கனெக்டரே இல்லாம ஸ்லாட்லருந்து 75 வாட்ஸ்ல ஓடுற ஜிடிஎக்ஸ் 1650 மாதிரி கார்டு போதும், அதுக்கு தனி வயர் வேணாம், பழைய எஸ்எம்பிஎஸ் அப்படியே இருக்கலாம்.

நாலு மாசமா ஓடுது, ஒரு தடவ கூட தானா ஆஃப் ஆகல. போன வாரம் கரண்ட் போனப்ப மட்டும் பழைய 600 விஏ யுபிஎஸ் கத்திட்டு படுத்துடுச்சு. "மாமா, யுபிஎஸ்"னு ஆரம்பிச்சான், நான் போன வெச்சுட்டேன்.