ஹாப்ஸ் எக்ஸ்ட்ராக்ட் வாங்குவோர் கவனத்துக்கு: டின்னின் மேல் ஒட்டிய தாளை நம்பி நான் ஏமாந்தது

பெங்களூரில் ஒரு சிறிய மைக்ரோபுரூவரியில் பதினோர் ஆண்டுகளாகப் பீர் தயாரிக்கும் வேலையில் இருக்கிறேன். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவிலிருந்து எடுத்த எக்ஸ்ட்ராக்ட் (செறிந்த சாறு) நான்கு டின்களும், நறுமணத்துக்கான ஹாப்ஸ் எண்ணெய் ஆறு புட்டிகளும் ஓர் இடைத்தரகரிடம் வாங்கி, 84,000 ரூபாயையும் ஒரு முழு டாங்க் பீரையும் இழந்தேன். விற்றவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் அவர் செய்த விதத்தை எழுதாமல் இருக்க மனம் ஒப்பவில்லை, ஏனென்றால் அதே சரக்கு இன்னும் ஊருக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது.

முதலில் எக்ஸ்ட்ராக்ட் பக்கம் நான் ஏன் போனேன் என்பதைச் சொல்ல வேண்டும். எங்களுடையது 1,000 லிட்டர் டாங்க். வாசனைக்காக ஹாப்ஸ் பெல்லட்டை (பூவை அரைத்து அழுத்திய சிறு கட்டிகளை) நொதித்த பீரில் நேரடியாகப் போடும்போது, அது பீரை உறிஞ்சிக்கொண்டு அடியில் சேறாகத் தங்கிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் பல பத்து லிட்டர் பீர் அந்தச் சேற்றோடு போய்விடும். பெல்லட்டைக் கெடாமல் வைக்க ஃப்ரீஸரும் வேண்டும், மின்சாரம் போகும் நாள்களில் அதைப் பற்றிய கவலையும் வேண்டும். எக்ஸ்ட்ராக்ட் என்றால் ஒரு சிறிய டின்னில் கசப்பு முழுவதும் அடங்கிவிடுகிறது, அடியில் சேறு தங்குவதில்லை, குளிர்ந்த இடத்தில் மூடி வைத்தால் சில ஆண்டுகள் தாங்கும். பெரிய ஆலைகள் பல காலமாக இதைத்தான் பயன்படுத்துகின்றன. ஆகவே பொருளில் குற்றமில்லை. வாங்கிய இடத்திலும், வாங்கிய நான் கண்ணை மூடிக்கொண்டதிலும்தான் குற்றம்.

நல்ல எக்ஸ்ட்ராக்ட் எப்படி வருகிறது என்று தெரிந்தால் போலியைப் பிடிப்பது எளிது. ஹாப்ஸ் பூவின் இதழ்களுக்கு அடியில் மஞ்சள் மாவு போல லூப்புலின் இருக்கும். கசப்புக்கு வேண்டிய ஆல்ஃபா அமிலங்களும் மணத்துக்கு வேண்டிய எண்ணெயும் அதில்தான் உள்ளன. முற்காலத்தில் ஹெக்சேன், மெத்திலீன் குளோரைடு போன்ற கரைப்பான்களைக் கொண்டு இதைப் பிரித்தார்கள். இன்று பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடுதான். 31 டிகிரி செல்சியசுக்கும் ஏறக்குறைய 74 பார் அழுத்தத்துக்கும் மேலே போனால் அந்த வாயு, வாயுவும் இல்லாமல் திரவமும் இல்லாமல் இரண்டின் குணமும் கொண்ட நிலைக்கு வந்துவிடும். அந்த நிலையில் இன்னும் பல மடங்கு அழுத்தம் கொடுத்து, அரைத்த ஹாப்ஸ் வழியாகச் செலுத்தினால் பிசினையும் எண்ணெயையும் கரைத்து இழுத்துக்கொண்டு வரும். அழுத்தத்தைக் குறைத்தவுடன் வாயு பறந்துவிட, பிசின் மட்டும் கீழே தங்கும். கொச்சிப் பக்கம் மிளகிலிருந்து ஓலியோரெசின் என்ற பிசினை எடுப்பவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல.

இப்படி எடுத்தது பொன்னிறமாகவோ சற்று அடர்ந்த மஞ்சளாகவோ, ஆறிப்போன வெல்லப்பாகு போலக் கெட்டியாக இருக்கும். கையில் பட்டால் பலாப்பால் பட்டது போலத்தான். தண்ணீரும் சோப்பும் ஒன்றும் செய்யாது, தேங்காய் எண்ணெய் தேய்த்துத்தான் கழற்ற வேண்டும். டின்னை 45 அல்லது 50 டிகிரி வெந்நீரில் வைத்து இளக்கிய பிறகுதான் ஊற்ற முடியும். எத்தனால் கொண்டு எடுத்த எக்ஸ்ட்ராக்டும் உண்டு. அதில் பச்சையமும் சேர்ந்து வருவதால் கரும்பச்சையாக இருக்கும். அதுவும் நேர்மையான சரக்குதான், ஆனால் கார்பன் டை ஆக்சைடு எக்ஸ்ட்ராக்ட் என்று சொல்லி அதை விற்கக் கூடாது.

அந்த இடைத்தரகர் எங்கள் இடத்துக்கே வந்தார். திருநெல்வேலிப் பேச்சு; வந்ததும் "அண்ணே, நம்ம ஊருப் பக்கம்னு கேள்விப்பட்டேன்" என்று ஆரம்பித்துவிட்டார். வெளியூரில் நம் பேச்சைக் கேட்டால் மனம் கொஞ்சம் இளகத்தான் செய்கிறது. ஜெர்மனியின் ஹாலர்டவ் பகுதியில் விளைந்த ஹாப்ஸ், 2022 அறுவடை, ஆல்ஃபா அமிலம் 50 சதவீதம் என்று அச்சிட்ட ஆய்வுச் சான்றிதழ் ஒன்றைக் காட்டினார். பிறகு சிட்ரா என்ற ஹாப்ஸ் ரகத்தின் எண்ணெய் என்று ஒரு புட்டியைத் திறந்து, காகிதப் பட்டையில் ஒரு சொட்டு விட்டு நீட்டினார். எலுமிச்சை, மாம்பழம், லேசாகப் பச்சைப் பிசின் என்று அருமையான மணம். விலை சந்தை விலையைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்டார், கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்குப் போய்ச் சான்றிதழை நிதானமாகப் படித்திருந்தால் மூன்று இடங்களில் சறுக்கியிருக்க மாட்டேன். அதில் லாட் எண் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) என்ற கட்டமே காலியாக இருந்தது. கரைப்பான் எது என்று எழுதவில்லை. ஆல்ஃபா 50 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் எல்.சி.வி. என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தது. எங்கள் தொழிலில் இல்லாதவர்களுக்காக இதைச் சற்று விளக்குகிறேன். ஆல்ஃபா அமிலத்தை அளக்க இரண்டு முறைகள் புழக்கத்தில் உள்ளன. ஈய உப்புக் கரைசலைச் சேர்த்து மின்கடத்தும் திறனைப் பார்க்கும் பழைய முறைதான் எல்.சி.வி.; அது ஆல்ஃபா அமிலத்தோடு வேறு சிலவற்றையும் சேர்த்து எண்ணுவதால் சில புள்ளிகள் கூடுதலாகவே காட்டும், சரக்கு பழசானால் இந்த இடைவெளி இன்னும் பெருகும். எச்.பி.எல்.சி. முறை ஒவ்வொரு அமிலத்தையும் தனித்தனியாகப் பிரித்து அளக்கிறது. எந்த முறை என்று சொல்லாத சதவீதமும், எல்.சி.வி. என்று மட்டும் சொல்லும் சதவீதமும் விலை பேசுவதற்கு உதவாதவை. எனக்கு இது தெரியாததல்ல. தெரிந்தும் அந்த எழுத்தின் மேல் கண் ஓடிவிட்டது என்பதுதான் வெட்கம்.

முதல் டின்னை வழக்கம் போல வெந்நீர்த் தொட்டியில் வைத்தேன். பத்து நிமிடத்தில் மேலே ஒட்டியிருந்த தாளின் ஓரம் நனைந்து சுருண்டது. இழுத்தால் முழுதாக உரிந்து வந்தது. அடியில் வேறொரு தாள், அதில் அறுவடை ஆண்டு 2015. டின்னைத் திருப்பிப் பார்த்தேன். மேல் தாள் மறைத்திருந்த இடத்தில் கடலைப் பருப்பு அளவுக்கு ஒரு துளை, அதைச் சாம்பல் நிறப் பிசின் பசையால் அடைத்துத் தேய்த்து மழுக்கியிருந்தார்கள். தண்ணீர்க் குழாய் ஒழுகினால் நாம் பிசைந்து அப்புவோமே, அதே பசை. உண்மையில் பழைய ஆண்டு என்பது மட்டும் பெரிய குற்றமாகியிருக்காது. சீல் உடையாத டின் குளிரில் இருந்தால் நெடுங்காலம் தாங்கக்கூடியதுதான். துளையிட்டு உள்ளே எதையோ மாற்றிய டின் என்பது வேறு விஷயம்.

அந்த நேரத்தில் கொதிகலனில் வோர்ட் (இன்னும் நொதிக்காத மால்ட் சாறு) கொதித்துக்கொண்டிருந்தது. நிறுத்த முடியாது, கையில் வேறு கசப்பு ஹாப்ஸும் இல்லை. திறந்து ஊற்றினேன். வந்தது பொன்னிறமாக இல்லை, கரும்பச்சையாக இருந்தது. பாகு போல இழுபடாமல் சமையல் எண்ணெய் போல ஓடியது.

கணக்கை இங்கே போட்டுக் காட்டுகிறேன், ஏமாற்று எவ்வளவு தூரம் பாய்கிறது என்று தெரியும். பீரின் கசப்பைச் சொல்லும் அளவான ஐ.பி.யூ. என்பது ஏறத்தாழ ஒரு லிட்டரில் கரைந்த ஐசோ ஆல்ஃபா அமிலம் (ஆல்ஃபா அமிலம் கொதிக்கும்போது மாறும் கசப்பு வடிவம்) எத்தனை மில்லிகிராம் என்பதுதான். 1,000 லிட்டருக்கு 30 ஐ.பி.யூ. வேண்டுமானால் 30 கிராம் ஐசோ ஆல்ஃபா வேண்டும். கொதிநிலையில் போடும் ஆல்ஃபா அமிலத்தில் எங்கள் கொதிகலனில் 30 சதவீதம்தான் அப்படி மாறிப் பீரில் தங்குகிறது; ஆகவே 100 கிராம் ஆல்ஃபா போட வேண்டும், 50 சதவீத எக்ஸ்ட்ராக்ட் என்றால் 200 கிராம். அப்படித்தான் போட்டேன். பின்னர் ஆய்வகத்தில் எச்.பி.எல்.சி. முறையில் பார்த்தபோது ஆல்ஃபா 31 சதவீதம்தான் என்று தெரிந்தது. அதாவது 62 கிராம். பீரில் 19 ஐ.பி.யூ.கூட முழுதாக வராது. பேல் ஏல் (கசப்பு தெரியும் பீர் வகை) என்று பெயர் வைத்து ஊற்றியதைக் குடித்த வாடிக்கையாளர் ஒருவர், "இது கோதுமை பீரா?" என்று கேட்டார். அத்துடன் எக்ஸ்ட்ராக்டில் தாவர எண்ணெய் கலந்திருப்பதாகவும் ஆய்வகம் சொன்னது. கொழுப்பு பட்டால் பீரின் நுரை நிற்காது என்பது கண்ணாடித் தம்ளரைக் கழுவும் பையனுக்குக்கூடத் தெரிந்த பாடம். எங்கள் நுரை ஏன் அரை நிமிடத்தில் உட்கார்ந்தது என்பதற்கு அன்றுதான் விடை கிடைத்தது. அந்தப் பீரை, அதிகக் கசப்போடு தயாரித்த இன்னொரு பீரோடு கலந்து ஒருவாறு ஒப்பேற்றினோம்.

எண்ணெய் விஷயத்தில் அதுவும் முடியவில்லை. இங்கே என் அவசரத்தையும் ஒப்புக்கொள்கிறேன்: எக்ஸ்ட்ராக்டின் ஆய்வு முடிவு வருவதற்குள், காகிதப் பட்டையில் முகர்ந்த அந்த மணத்தை நம்பி, அடுத்த டாங்கில் எண்ணெயை விட்டுவிட்டேன். 100 லிட்டருக்கு 10 மில்லி என்று தரகர் சொன்ன அளவின்படி ஒரு புட்டி முழுவதும் போனது. மறுநாள் மாதிரி எடுத்தபோது தம்ளரின் மேலே மயில் கழுத்து நிறத்தில் ஒரு படலம் மிதந்தது. மணம் சிட்ராவும் இல்லை, ஹாப்ஸும் இல்லை. பினாயில் போட்டுத் துடைத்த திருமண மண்டபத்தில் எலுமிச்சைப் புல் தைலத்தைக் கொட்டியது போல இருந்தது. ஆய்வகத்தின் முடிவும் அதையே சொன்னது. எலுமிச்சைப் புல் தைலத்தின் பெரும்பகுதியான சிட்ரால்தான் அதில் மேலோங்கி இருந்தது. ஹாப்ஸின் தாவரப் பெயரையே (ஹியூமுலஸ்) தன் பெயராகக் கொண்ட ஹியூமுலீன் இருந்ததாகவே சொல்ல முடியாத அளவு. காட்டிய புட்டி வேறு, கொடுத்த புட்டிகள் வேறு.

காகிதப் பட்டையில் முகர்வது எண்ணெய்க்கு ஒரு சோதனையே அல்ல என்பதை இதற்குப் பிறகுதான் உள்ளூர உணர்ந்தேன். ஹாப்ஸ் எண்ணெயில் பல ரகங்களில் பெரும்பங்கு மிர்சீன் போன்ற ஹைட்ரோகார்பன்கள். அவை மூக்கில் அறையும், ஆனால் பீரில் சரியாகக் கரையாது. பீரில் தங்குபவை லினலூல், ஜெரானியால் போன்ற சிறுபான்மைதான். நல்ல தயாரிப்பாளர்கள் எண்ணெயைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வேண்டியதை மட்டும் எத்தனாலிலோ புரொப்பிலீன் கிளைகாலிலோ கரைத்துத் தருகிறார்கள். ஆகவே உங்கள் பீரிலேயே சோதியுங்கள். ஒரு மில்லி எண்ணெயை 99 மில்லி மணமற்ற சாராயத்தில் கரைத்து, அதில் 3.3 மில்லியை எடுத்து வாசனை ஹாப்ஸ் போடாத 330 மில்லி பீரில் விட்டால், மேலே சொன்ன அளவு சரியாக வரும். மூடி ஓரிரவு குளிரில் வைத்து, மறுநாள் முகருங்கள், மேலே படலம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே ஒரு புட்டியில் இதைச் செய்திருந்தால் 1,000 லிட்டரை நான் வடிகாலில் விட்டிருக்க வேண்டியதில்லை.

தரகரைத் தொலைபேசியில் பிடித்தபோது முதலில், "அண்ணே, நீங்க கொதிக்க வச்ச நேரம் பத்தலை" என்றார். ஆய்வக முடிவை அனுப்பியதும், "உங்க லேப் நம்பர், எங்க லேப் நம்பர் ரெண்டும் ஒண்ணா இருக்காதுண்ணே" என்றார். எந்த ஆய்வகம் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. உரிந்த தாளின் படத்தை அனுப்பிய பிறகு அண்ணன் என்ற உறவும் முடிந்தது. என் எண்ணை முடக்கிவிட்டார்.

நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று வழக்கறிஞர் நிறுத்திவிட்டார். சுயதொழிலாகப் பிழைப்புக்கு நடத்துபவருக்கு மட்டும் விலக்கு உண்டு, எங்கள் நிறுவனம் அதில் வராது. ஆகவே மோசடி என்று காவல் நிலையத்தில் ஒன்றும், உணவுப் பாதுகாப்புத் துறையில் ஒன்றுமாக இரண்டு புகார்கள் கொடுத்திருக்கிறோம். இறக்குமதியான உணவுப் பொருளின் மேல் இறக்குமதியாளர் பெயரும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண்ணும் இருக்க வேண்டும். எங்கள் டின்களின் எந்தத் தாளிலும் அது இல்லை. இதையும் முதல் நாளே பார்த்திருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஹாப்ஸ் எக்ஸ்ட்ராக்டும் ரகம், விளைந்த பகுதி, அறுவடை ஆண்டு ஆகியவற்றோடு சான்று பெற்றுத்தான் சந்தைக்கு வரும் என்பதால், ஹாலர்டவ் என்று சொல்பவரிடம் அந்தச் சான்றைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். லாட் எண் காகிதத்திலும் டின்னிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பாதிக்கு மேல் முன்பணம் கொடுக்காமல், மீதியை எச்.பி.எல்.சி. முடிவு வந்த பிறகு தருவதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நேர்மையான இறக்குமதியாளர்கள் இதற்கு ஒப்புக்கொள்கிறார்கள். இந்தச் சம்பவத்துக்குப் பிறகு அப்படித்தான் இரண்டு முறை வாங்கியிருக்கிறேன்.

திறக்காத மூன்று டின்கள் சாட்சிக்காக எங்கள் குளிர் அறையில் இருக்கின்றன. சென்ற வாரம் ஒயிட்ஃபீல்டில் புதிதாகத் தொடங்கியிருக்கும் ஒரு புரூவரியிலிருந்து ஒரு தம்பி, மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று கேட்டு ஒரு சான்றிதழின் படத்தை எனக்கு அனுப்பினார். அதே ஹாலர்டவ், அதே 50 சதவீதம், அதே காலியான லாட் எண் கட்டம். அறுவடை ஆண்டு மட்டும் 2023 ஆகியிருந்தது. பணம் கொடுப்பதற்கு முன் ஒரு டின்னைக் கையில் வாங்கி, விற்பவர் எதிரிலேயே பத்து நிமிடம் வெந்நீரில் வைக்கச் சொல்லிப் பதில் அனுப்பினேன்.