ஜெர்மனி ஆஃபர் லெட்டர் வந்திருந்தால் முதலில் அதன் அடிப்பகுதியைப் பாருங்கள்

கோவையில் ஒரு கன்சல்டன்சி என் தம்பியிடம் முதல் தவணையாக ஒன்றே முக்கால் லட்சம் வாங்கிக்கொண்டு, கையில் போலி ஆஃபர் லெட்டர் ஒன்றைக் கொடுத்தது. அவன் பி.இ. மெக்கானிக்கல், பம்ப் கம்பெனியில் வேலை. "ஜெர்மனி ஸ்கில்டு ஒர்க்கர் பெர்மிட், வேலையோடு சேர்த்து" என்று பேசித்தான் பணம் வாங்கினார்கள். இது 2025-இல் நடந்தது.

லெட்டர் பார்க்கப் பளபளப்பாகத்தான் இருந்தது. ஸ்டுட்கார்ட் முகவரி, சீல், ஜெர்மன் கொடி. மாதச் சம்பளம் 3,200 யூரோ, விசா வகை ப்ளூ கார்டு (படித்தவர்களுக்கான வேலை அனுமதி). அந்த இரண்டு வரிகளே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. 3,200-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 38,400. எஞ்சினியர் மாதிரி ஆள் பற்றாக்குறை உள்ள வேலைகளுக்கே 2025-இல் ப்ளூ கார்டு வேண்டுமென்றால் ஆண்டுக்கு 43,759.80 யூரோவாவது சம்பளம் இருக்க வேண்டும். போலி லெட்டர் அடிப்பவனுக்கு இதைக்கூடப் பார்க்க நேரமில்லை.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் தெரிந்த பையனுக்கு லெட்டரை அனுப்பினோம். அவன் சம்பளத்தைப் பார்க்கவே இல்லை. "அண்ணா, கீழே எச்.ஆர்.பி. நம்பர் எங்கே?" என்றான். ஜெர்மனியில் ஜி.எம்.பி.எச். (நம்மூர் பிரைவேட் லிமிடெட் மாதிரி) என்று முடியும் கம்பெனி வெளியே அனுப்பும் கடிதத்தில் பதிவு நீதிமன்றம், பதிவு எண் (அதுதான் எச்.ஆர்.பி. நம்பர்), நிர்வாக இயக்குநர் பெயர் எல்லாம் இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் லெட்டரின் அடியில் ஒரு ஜிமெயில் முகவரி மட்டும் இருந்தது. ஹாண்டல்ஸ்ரெஜிஸ்டர் என்ற அரசுப் பதிவேட்டில் யாரும் இலவசமாகத் தேடலாம். தேடினோம், அப்படியொரு கம்பெனியே இல்லை. நம்பர் போட்டிருந்தாலும் நம்பிவிட வேண்டாம். வேறு கம்பெனியின் நம்பரைத் தூக்கிப் போடவும் செய்வார்கள். அந்தக் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள்.

கன்சல்டன்சிக்குப் போய்க் கேட்டதும் பேச்சு மாறியது. "சரி சார், ஆப்பர்ச்சூனிட்டி கார்டு போட்டுடலாம், அதுவும் ஒர்க் பெர்மிட்தான்." இல்லை. அது அங்கே போய் வேலை தேடுவதற்கான அனுமதி, அதிகபட்சம் ஒரு வருடம். பகுதி நேரமாக வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். செலவுக்கு 2025-இல் மாதம் 1,091 யூரோ கணக்கில் ஒரு வருடப் பணத்தை வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டியிருந்தது, பத்து லட்சத்துக்கு மேல் வரும். "அதை நாங்களே காட்டிடுறோம், வட்டி மட்டும் கொடுங்க" என்றார்கள். அப்போதே எழுந்து வந்துவிட்டோம்.

பில்லைப் பார்த்தால் இன்னும் எரிச்சல். நம் டிகிரி ஜெர்மனியில் எதற்குச் சமம் என்று சொல்லும் மதிப்பீட்டுக்கு அறுபதாயிரம் போட்டிருந்தார்கள். ஜெர்மன் அரசு அமைப்பான இசட்.ஏ.பி. அதற்கு வாங்குவது 208 யூரோ. விசா கட்டணம் 75 யூரோ. அப்பாயின்ட்மென்டுக்குத் தூதரகம் தனியாகக் காசு வாங்குவதே இல்லை, இவர்கள் "ஸ்லாட் சார்ஜ்" என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப வெளியுறவு அமைச்சகத்தின் லைசென்ஸ் வேண்டும். அந்த அமைச்சகத்தின் இமைக்ரேட் தளத்தில் ஏஜென்டின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். லைசென்ஸ் உள்ள ஏஜென்டே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தாண்டி வாங்கக் கூடாது. இந்த ஆபீஸ் சுவரில் ஜி.எஸ்.டி. சான்றிதழையும் ஐ.எஸ்.ஓ. சான்றிதழையும் பெரிதாக ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தார்கள். இரண்டுக்கும் ஆள் அனுப்புவதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

போலீஸில் புகார் கொடுத்தோம். சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் எழுதினோம். அப்புறம்தான் ஐம்பதாயிரம் திரும்பி வந்தது. மீதி "சர்வீஸ் சார்ஜ்" என்கிறார்கள், நாங்கள் விடுவதாக இல்லை.

இப்படி எங்காவது ஒரிஜினல் சர்டிபிகேட் கொடுத்து வைத்திருப்பவர்கள், பணத்தைப் பற்றி வாயைத் திறக்கும் முன் அதைக் கையில் வாங்கிவிடுங்கள். "தூதரகத்தில் இருக்கு" என்பார்கள். தம்பியின் டிகிரி சர்டிபிகேட் அவர்கள் பீரோவில்தான் இருந்தது.