எலாஸ்டிக்சர்ச்ல ரிப்போர்ட் பண்ணித் தர்றோம்னு வர்ற டீம்கிட்ட உஷாரா இருங்க

கம்பெனி பேரு போட வேண்டாம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க, அதனால விஷயத்த மட்டும் சொல்றேன். எங்க பில் டேட்டா மொத்தமும் எலாஸ்டிக்சர்ச்ல (டேட்டாவ சேத்து வச்சு தேடி எடுக்குற சாஃப்ட்வேர்) அஞ்சு ஷார்டுல, அதாவது அஞ்சு துண்டா பிரிஞ்சு கிடக்கு, அத தேதி வாரியா சார்ட் பண்ணி மாச ரிப்போர்ட் எடுக்குற வேலைய வெளிய ஒரு டீமுக்கு கொடுத்தோம். டெமோ சூப்பரா இருந்துச்சு. ஏன் இருக்காது, காட்டுனதே முதல் ரெண்டு மூணு பக்கம்தானே.

லைவ் போனதும் மாச டோட்டல் அக்கவுண்ட்ஸோட டேலி ஆகல. எக்ஸ்போர்ட்ட தொறந்து பாத்தா ஒரு பக்கத்துல கடைசி வரில இருக்குற பில் நம்பரே அடுத்த பக்கத்துலயும் முதல் வரியா நிக்குது, வேற ஒரு பில் ஆளையே காணோம். கேட்டா "ராம் பத்தல சார், இன்னொரு நோடு (சர்வர்) போடுங்க"ன்னு கொட்டேஷன் அனுப்புறாங்க!

ராமுக்கும் இந்த டூப்ளிகேட்டுக்கும் சம்பந்தமே இல்லைங்க. சார்ட்டுக்கு தேதி ஒண்ணுதான் குடுத்துருக்காங்க, ஒரே தேதில எக்கச்சக்கமா பில் இருந்தா அதுக்குள்ள எது முன்ன எது பின்னன்னு நிலையான வரிசை கிடையாது, ஒரு ரிக்வெஸ்ட் பிரைமரிக்கு (ஷார்டோட மூலப் பிரதி) போகும் அடுத்தது ரெப்ளிகாவுக்கு (அதோட நகல்) போகும், அங்க வரிசை மாறி இருக்கும், பக்கம் மாறுற இடத்துல பில்லு வழுக்கிடும்.

அதவிட கொடுமை, 10,000 ரிசல்ட்டுக்கு மேல பக்கம் புரட்ட விடாம டீஃபால்ட்டா ஒரு லிமிட் இருக்குல்ல (மேக்ஸ் ரிசல்ட் விண்டோ), அத சத்தமில்லாம பத்து லட்சமா ஏத்தி வச்சிருக்காங்க. 50,000 தாண்டி அடுத்த 50 பில் வேணும்னா ஒவ்வொரு ஷார்டும் 50,050 எண்ட்ரி அனுப்பணும், அஞ்சுக்கும் சேத்து 2,50,250. அத்தனையும் ஒரே நோடு வாங்கி வரிசைப்படுத்தி 50 மட்டும் வச்சுட்டு மிச்சத்த தூக்கிப் போடும். அப்புறம் ராம் எப்படி பத்தும்?

தேதிக்கு அப்புறம் பில் நம்பரையும் சார்ட்ல சேத்து, சர்ச் ஆஃப்டர்ல (போன பக்கத்தோட கடைசி பில்லுக்கு அப்புறம் இருந்து எடுக்குற முறை) நகந்து போனா முடிஞ்சது. நடுவுல புது பில் வந்து குழப்பாம இருக்க பாயிண்ட் இன் டைம் (ஒரு நேரத்துல இருந்த டேட்டாவ அப்படியே நிறுத்தி காட்டுற வசதி) எலாஸ்டிக்சர்ச் 7.10 வெர்ஷன்லயே வந்தாச்சு. இத எழுதி அனுப்புனா "அது ஸ்கோப்ல இல்ல, தனி சார்ஜ்"ங்குறாங்க.

இப்படி யாராச்சும் வந்தா கடைசி பக்கத்த தொறந்து காட்டச் சொல்லுங்க, டூப்ளிகேட் பில் இருக்கான்னு அவங்க முன்னாடியே எண்ணிப் பாருங்க. நாங்க பேலன்ஸ் பேமெண்ட்ட நிறுத்தி வச்சிருக்கோம், இப்ப மட்டும் அவங்க போன் டைமுக்கு வருது.