சில்லறை இல்லாததால் பனியில் போன அரண்மனை

நான்கு வருடம் கழித்துக் குன்னூர் வீட்டுக்குப் போய் இருபது நாள் இருந்துவிட்டு வந்திருக்கிறேன். விமானம், மேட்டுப்பாளையத்திலிருந்து கார், இ-பாஸ் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. மனதை விட்டுப் போகாமல் இருப்பது, ஒரு படகுத்துறை டிக்கெட் கவுண்டரில் போன நாற்பது நிமிடம்தான்.

பாங்காக்கில் எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கம் உண்டு. சாவோ பிரயா ஆற்றில் ஓடும், ஆரஞ்சுக் கொடி கட்டிய எக்ஸ்பிரஸ் படகில் ஏறிவிடுவோம். கண்டக்டர் அம்மா ஒரு நீளமான உலோகக் குழாயைக் கலகலவென்று குலுக்கிக்கொண்டே வருவார். டிக்கெட் சுருளும் அதில்தான், சில்லறையும் அதில்தான். நூறு பாட் நோட்டை நீட்டினாலும் குழாயைத் திறந்து மீதியை எண்ணிக் கையில் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். தா சாங் துறையில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் பெரிய அரண்மனை. 1782-ல் மன்னர் முதலாம் ராமா கட்டத் தொடங்கியது, 1925 வரை மன்னர்கள் அங்கேயே குடியிருந்தார்கள். வெளிநாட்டவருக்கு 500 பாட் டிக்கெட், அந்த நாட்டு மக்களுக்கு இலவசம். நம் திருவெம்பாவை அந்த அரசவைப் பிராமணர்களின் சடங்கு வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று என் மகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அப்போதுதான் கேட்டாள், "நம்ம ஊர்ல ராஜா வீடு இல்லையாம்மா?"

இல்லாமல் என்ன! ஊட்டி அன்றைய சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகரம். மகாராஜாக்கள் ஒருவர் பின் ஒருவராக அங்கே வீடு பிடித்தார்கள். மைசூர் மகாராஜாவுக்கு ஃபெர்ன்ஹில், ஜோத்பூர் மகாராஜாவுக்கு ஆரன்மோர். முன்னது இப்போது தங்கும் விடுதி, பின்னது 'தமிழகம்' என்ற அரசு விருந்தினர் மாளிகை. சின்ன வயதில் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு எதிர் மேட்டில் நின்று ஃபெர்ன்ஹில்லைக் காட்டியிருக்கிறார். பச்சை மரங்களுக்கு நடுவே செக்கச்செவேலென்று சுவர், ஓரமெல்லாம் வெள்ளை மரவேலைப்பாடு. அதே மேட்டில் என் மகளையும் நிறுத்தவேண்டும் என்பதுதான் இந்தப் பயணத்தில் நான் வைத்திருந்த ஒரே ஆசை. மதியம் படகு, நாலு மணிக்குள் அரண்மனை என்று திட்டம். மலைக்காரர்களுக்குத் தெரியும், நாங்கள் போயிருந்த மாதத்தில் நாலரைக்கு மேல் பனியை நம்பி எதையும் வைத்துக்கொள்ள முடியாது.

எந்தப் படகுத்துறை என்று எழுத மாட்டேன், என்னோடு படித்தவர்களின் வீட்டுப் பிள்ளைகள் அங்கே வேலை செய்கிறார்கள். வரிசையில் இருபது நிமிடம் நின்று கவுண்டருக்கு வந்து இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை நீட்டினேன். உள்ளே இருந்தவர் தலையைத் தூக்காமலே, "சில்லறை இல்லைங்க, ஸ்கேன் பண்ணுங்க" என்றார். என் தாய்லாந்து நம்பரில் அது ஓடாது என்றேன். "அப்ப சில்லறை மாத்திட்டு வாங்க." அம்மாவிடம் பட்டன் போன்தான். பக்கத்து டீக்கடையில் கேட்டேன், இல்லை. வேர்க்கடலை விற்கும் பாட்டியிடம் கேட்டேன், பாவம், அவரும் அட்டையில் ஒட்டிய ஸ்கேன் படத்தைத்தான் காட்டினார். திரும்பி வந்தால் வரிசையின் வாலில் நிற்கச் சொன்னார்கள். எழுபத்திரண்டு வயது அம்மா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நிற்கிறார். பிறந்த மலையில், கையில் பணத்தை வைத்துக்கொண்டு ஒரு டிக்கெட் வாங்க முடியவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது எனக்கு.

ஸ்கேன் செய்வதைக் குறை சொல்லவில்லை. பாங்காக்கில் காய்கறிக்காரரிடம்கூட நானும் அப்படித்தான் கொடுக்கிறேன். ஆனால் அங்கே நோட்டை நீட்டினால் யாரும் திருப்பி அனுப்பியதில்லை. காலையில் ஒரு கட்டு பத்து ரூபாய்த் தாள் வாங்கி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

முன்னால் நின்ற திருப்பூர்க்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். "அக்கா, எத்தனை டிக்கெட்டுன்னு சொல்லுங்க, நான் போட்டுவிடறேன். காசை எங்கிட்டக் குடுங்க." தன் குடும்பத்துக்கும் எங்களுக்கும் சேர்த்து எடுத்தார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து மீதியை எடுத்தார் பாருங்கள்: கசங்கிய பத்துகள், ஓரம் கிழிந்த ஒரு இருபது, இரண்டு ஐந்து ரூபாய் நாணயம். ஒவ்வொன்றாக நீவி எண்ணிக் கொடுத்தார். அம்மாவுக்கு உட்கார இடம் பிடித்துக் கொடுத்ததும் அவர் மனைவிதான். அவர்கள் நன்றாக இருக்கவேண்டும்.

படகு நன்றாகவே இருந்தது. மகள் தண்ணீரில் கையை விட்டுச் சில்லிட்டுச் சிரித்தாள். 1824-ல் அன்றைய கோவை கலெக்டர் சல்லிவன் வெட்டிய ஊட்டி ஏரி ஒருகாலத்தில் இப்போதைய பஸ் ஸ்டாண்டு, குதிரைப் பந்தய மைதானம் வரைக்கும் பரந்து கிடந்ததை அம்மா அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஃபெர்ன்ஹில் மேட்டில் காரை நிறுத்தும்போது மணி நாலு ஐம்பது. பனி இறங்கிவிட்டது. முதலில் மரங்களின் தலை போனது, அப்புறம் தண்டு. ஒரே ஒரு நொடி விலகியதில் சிவப்பாக ஒரு கீற்று தெரிந்தது, கூரையா சுவரா என்று சொல்லத் தெரியவில்லை. உள்ளே காகிதக்கூழில் வேலைப்பாடு செய்த விதானத்தோடு ஒரு நடனக்கூடம் இருக்கிறது என்று மகளிடம் சொன்னேன். "டிக்கெட் எங்கம்மா வாங்கணும்?" என்றாள். தங்குகிறவர்களுக்கான இடம் அது, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்தக் குடும்பத்தின் மைசூர் அரண்மனையை யார் வேண்டுமானாலும் டிக்கெட் எடுத்துச் சுற்றிப் பார்க்கலாம். ஊட்டியில் அரசு கையிலேயே ஒரு மாளிகை இருக்கும்போது, வருடத்தில் சில நாளாவது டிக்கெட் போட்டு இந்த மலைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால் என்ன? எத்தனை தலைமுறை எதிர் மேட்டில் நின்றே பார்ப்பது?

அம்மா காருக்குள் வர்க்கிப் பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கொன்று கொடுத்தார். "காலைல எட்டு மணிக்கு வந்தா பளிச்சுன்னு தெரியும்டி. அடுத்த தடவை முதல் நாளே வந்துருவோம்" என்றார். மகள் கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துடைத்துத் துடைத்து, லவ்டேல் தாண்டும் வரைக்கும் பின்னால் திரும்பியே பார்த்துக்கொண்டிருந்தாள்.