மாட்டு நாடாப்புழுவா, பன்றி நாடாப்புழுவா: எதைப் பார்த்துப் பிரிப்பது?

டீனியா சாஜினேட்டா, டீனியா சோலியம் இரண்டுமே மனிதனின் சிறுகுடலில் வளரும் நாடாப்புழுக்கள். ஒட்டுண்ணி முதிர்ந்து பாலினப்பெருக்கம் செய்யும் உயிரி இறுதி விருந்தோம்பி. அதன் இளம்பருவம் வளரும் உயிரி இடைநிலை விருந்தோம்பி. இரண்டு புழுக்களுக்கும் இறுதி விருந்தோம்பி மனிதன்தான். இடைநிலை விருந்தோம்பி சாஜினேட்டாவுக்கு மாடு, சோலியத்துக்குப் பன்றி. வேறுபாடு இவ்வளவுதான் என்று நினைத்துவிடக் கூடாது. சோலியத்துக்கு மனிதனே இடைநிலை விருந்தோம்பியாகவும் ஆகிவிடலாம். அதனால்தான் இவற்றைப் பிரித்தறிவது அவசியமாகிறது.

ஸ்கோலெக்ஸ் எனப்படும் தலைப்பகுதி கிடைத்தால் வேலை சுலபம். இரண்டிலும் நான்கு ஒட்டுறிஞ்சிகள் உண்டு. சோலியத்தில் கூடுதலாக உச்சியில் இரண்டு வரிசைக் கொக்கிகள் இருக்கும். சாஜினேட்டாவில் கொக்கியே கிடையாது. ஆனால் மருந்து கொடுத்தபின் வெளிவரும் புழுவில் தலை பெரும்பாலும் சிதைந்துபோயிருக்கும்.

ஆகவே நடைமுறையில் கைகொடுப்பது முட்டை நிறைந்த கண்டம், அதாவது புழுவின் நாடா போன்ற உடலைக் கோத்து ஆக்கும் துண்டுகளில் ஒன்று. அதை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்து மெதுவாக அழுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவே தண்டுபோல ஓடும் கருப்பையும் அதிலிருந்து இருபுறமும் பிரியும் கிளைகளும் தெரியும். ஒரு பக்கத்தை மட்டும் எண்ண வேண்டும். 7 முதல் 13 வரை என்றால் சோலியம். 15க்கு மேல் என்றால் சாஜினேட்டா. கிளைகள் நுனியில் மீண்டும் பிரிவதால், நுனிகளை எண்ணினால் சோலியம்கூட சாஜினேட்டாவாகத் தெரியும். தண்டிலிருந்து கிளை புறப்படும் இடத்தில் எண்ணுவதே சரி. 12, 13 என்று வந்து நின்றால் அந்த ஒரு கண்டத்தை வைத்து முடிவு சொல்லாதீர்கள். எந்த இனம் என்று தெரியும்வரை கையுறை கழற்றக் கூடாது, ஏனென்றால் சோலியம் முட்டை மனிதனுக்கும் தொற்றும்.

நோயாளி சொல்வதிலும் துப்பு உண்டு. சாஜினேட்டாவின் கண்டங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று தாமாகவே ஊர்ந்து வெளிவரும். சோலியத்தின் கண்டங்கள் பெரும்பாலும் சிலவாகக் கோத்தபடி, மலத்தோடு அசைவின்றி வரும். முட்டையை நுண்ணோக்கியில் பார்த்துப் பயனில்லை. ஆரக்கோடுகள் கொண்ட தடித்த ஓடு, உள்ளே ஆறு கொக்கிகளுடன் கரு என்று இரண்டும் ஒரே அச்சு. 'டீனியா முட்டை' என்று மட்டும் அறிக்கையில் எழுதுங்கள்.

அடிக்கடி குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. சரியாக வேகாத பன்றி இறைச்சியிலுள்ள சிஸ்டிசெர்கஸ் என்னும் நீர்ப்பை லார்வாவை விழுங்கினால் குடலில் புழு வளரும். சோலியத்தின் முட்டையை விழுங்கினால் அதிலிருந்து வெளிவரும் கரு குடற்சுவரைத் துளைத்து, இரத்தத்தில் கலந்து, தசையிலோ கண்ணிலோ மூளையிலோ நீர்ப்பையாகிவிடும். மூளையில் தங்கினால் வலிப்பு வரலாம். புழு உள்ளவரின் கை, அசுத்தமான நீர், கழுவாத காய்கறி வழியாக முட்டை வருவதால், இறைச்சியே தொடாதவருக்கும் இந்நோய் வரும். சாஜினேட்டா முட்டையால் மனிதனுக்கு இந்த ஆபத்து இல்லை.

மருந்திலும் இது எதிரொலிக்கிறது. குடற்புழுவுக்குப் பிராசிகுவான்டெல், நிக்ளோசமைடு இரண்டுமே பயன்படும். பிராசிகுவான்டெல் இரத்தத்தில் கலந்து மூளைக்கும் போகும். அங்கே மறைந்திருக்கும் நீர்ப்பை செத்தால் அழற்சி கிளம்பி வலிப்பைத் தூண்டலாம். நிக்ளோசமைடு பெரும்பாலும் குடலோடு நின்றுவிடும். சோலியம் என்ற ஐயம் இருக்கும்போது, வலிப்போ நீடித்த தலைவலியோ உண்டா என்று கேட்ட பிறகே மருத்துவர் மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.